மூளிக் காது

என் தங்கை மகளுக்கு ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. இடது காதில் குட்டியாக ஒரு தங்கக் கம்மல். வலது காது பிறந்தபடி மொழுமொழுவென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் கேட்காமல் விடுவதில்லை. பால் பாக்கெட் போடுகிற அம்மா கேட்டாகிவிட்டது. எதிர்வீட்டு மாமி இரண்டு முறை கேட்டுவிட்டார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஏன் சார், இன்னொரு கம்மல் தொலைஞ்சிடுச்சா?" என்றார். இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. நின்று நிதானமாக ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எழுதி வைத்துவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

நான் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவன். வீடு அஸ்தினாபுரம். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தங்கை இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எங்கள் சொந்த அத்தை மகன். தண்ணீர் கேன் போடுகிற குட்டியானை வண்டி ஒன்று சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். நல்ல மனுஷன், கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வருகிறதே, போதும்.

குழந்தை பிறந்ததும் நான் முதலில் வாங்கியது ஒரு வெள்ளித் தாயத்து. தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தாயத்துக்குள் அடைத்து, குழந்தையின் அரைஞாணில் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். தாய்மாமன்தான் வாங்க வேண்டும். வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். எல்லாக் குழந்தைக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் விழுகிற கொடி, இவளுக்கு விழவில்லை. மாதம் திரும்பியும் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மாவ விட மனசு வரல பாரு கழுதைக்கு" என்று அத்தை சிரித்தார். அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை, இப்போது என் தங்கைக்கு மாமியார். நாங்களும் சிரித்தோம். தங்கை அதைப் போன் பண்ணுகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

கொடி ஒருவழியாக விழுந்தபோது தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சல். ஆனால் ஒரு சொட்டுச் சீழ் இல்லை. "சீழ் வைக்கல, நல்ல உடம்பு, தானா ஆறிடும்" என்றார் அத்தை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சீழ் என்பது என்ன? கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள். வருஷாவருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். சீழ் இல்லை என்றால் சண்டைக்கு ஒருத்தனும் வரவில்லை என்று அர்த்தம். போர்டில் எழுதுவது வேறு, நம் வீட்டுக் குழந்தையின் தொப்புளைப் பார்ப்பது வேறு போலிருக்கிறது.

காய்ச்சல் விடாமல் வந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. மாப்பிள்ளை அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். 'பாப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி ரொம்ப ஜாஸ்தி' என்று கீழே ஒரு வரி வேறு. சொந்தக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு சித்தப்பா பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

குழந்தைகள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்த நோய்க்கென்று இருந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். குழந்தைக்கு வெள்ளை அணு இருக்கிறது, ஆனால் ரத்தக்குழாயை விட்டு வெளியே வரவில்லையோ என்று சந்தேகம் என்றார். ஓடுகிற ரத்தத்தில் போகிற அணு, காயம் இருக்கிற இடம் வந்ததும் குழாயின் சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். நின்றால்தான் இடுக்கு வழியாக வெளியே இறங்க முடியும். பிடிப்பதற்கு அதன் மேற்பரப்பில் ஏற்பிகள் என்று கைகள் மாதிரிச் சில புரதங்கள் உண்டு. அவை இல்லாமல் சில குழந்தைகள் பிறப்பார்கள் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரை மணி மின்சார ரயிலில், குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவன் கம்பியைப் பிடிக்க முடியாமல் கூட்டத்தோடு பல்லாவரம் போய்ச் சேருவதில்லையா, அப்படி.

"கொடி லேட்டா விழுந்ததும் அதனாலதானா டாக்டர்?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமாம்மா. கொடி விழுறதுக்கும் இந்த அணுக்கள் அங்க போய் வேலை பாக்கணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் தங்கை, "விட மனசில்லைன்னு நெனச்சேன்ணா" என்றாள்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிசல்ட் வரும்வரை மாப்பிள்ளை கேன் போடும் வீடுகளில் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினார். ரிசல்ட் வந்தது. ஏற்பிகள் இருக்கின்றன. வேண்டிய அளவு இருக்கின்றன. நார்மல். டாக்டரம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. ஜூனியர் ஒருவர்தான் பார்த்து, "இது இல்லைங்க, வேற பாக்கலாம், அடுத்த மாசம் வாங்க" என்றார்.

வேற பாக்கலாம் என்பது யார் காதில் விழுந்தது? நார்மல் என்ற சொல்தான் விழுந்தது. மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி நிறுத்தி எல்லாருக்கும் போன் போட்டார். அத்தை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார். வெறும் கூழோடு விடவில்லை. "கண்டம் தாண்டிடுச்சு, மொட்டை அடிச்சு காது குத்திடலாம்" என்று நாள் பார்த்துவிட்டார்.

மாடம்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். தாய்மாமன் சீர் என்றால் லேசா? தாம்பாளங்களில் பழம், பட்டுப்பாவாடை, பொம்மை, சாக்லேட் கோபுரம் எல்லாம் எடுத்துக்கொண்டு, செண்டை மேளம் வைத்து, தெருவை அடைத்துக்கொண்டு போனோம். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு நான்தான் முன்னால் நடந்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சொல்ல வெட்கம் என்ன, மேளத்துக்கு இரண்டு எட்டு ஆடக்கூட ஆடினேன்.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி வயசானவர், கை நடுங்காதவர். பெண் குழந்தை என்பதால் இடது காதை முதலில் எடுத்தார். பொட்டு வைத்த இடத்தில் சட்டென்று குத்திக் கம்மலை மாட்டினார். குழந்தை வீறிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ வாயில் சர்க்கரையைத் தொட்டு வைத்தார்கள். ஆசாரி வலது காதுப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.

"சார், ரத்தம் நிக்கல சார்."

பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சு ஊறியது. மஞ்சள் வைத்தார்கள். மஞ்சள் சிவந்தது. என் வேட்டி முழுக்க ரத்தம். ஊசிமுனை ஓட்டை அது, அதிலிருந்து இவ்வளவு ரத்தமா? நான் எழுந்து ஆசாரியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்று மண்டபமே அதிரக் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"வுடு மச்சான், அவரு இன்னா பண்ணுவாரு, வண்டில ஏறு" என்று மாப்பிள்ளை என் கையைப் பிரித்து எடுத்தார். கேன் வண்டியில்தான் போனோம். பின்னால் காலிக் கேன்கள் உருளுகிற சத்தம், தங்கை மடியில் பட்டுப்பாவாடைக் குழந்தை, நான் காதை அழுத்திப் பிடித்தபடி. ஆஸ்பத்திரியில், வேறொருவர் கொடுத்த தட்டணுக்களை, பிளேட்லெட் என்பார்களே, அதை ஏற்றிய பிறகுதான் ரத்தம் நின்றது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "காது குத்தினதுல இவ்வளவு ப்ளீடிங்கா?" என்று கேட்டுவிட்டு, பழைய ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்து வரி வரியாகப் படித்தார். வெள்ளை அணுவும் பிடிக்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. ஏற்பிகளோ எல்லாவற்றிலும் இருக்கின்றன. அப்புறம் என்னிடம், "நீங்க பயாலஜிதானே சார், உங்களுக்குச் சொன்னா புரியும்" என்று ஆரம்பித்தார்.

ஏற்பி வெளியே இருந்தால் மட்டும் போதாது. சும்மா இருக்கும்போது அது மடங்கிக் குனிந்து கிடக்கும். இல்லாவிட்டால் கண்ட இடத்திலெல்லாம் அணுக்கள் ஒட்டி ரத்த ஓட்டமே நின்றுபோகும். அதன் வால் செல்லுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. தேவை வரும்போது உள்ளே இருக்கும் சில புரதங்கள் வந்து அந்த வாலைப் பிடிக்கும். பிடித்ததும் வெளியே இருக்கும் ஏற்பி நிமிர்ந்து விரியும். அப்போதுதான் சுவரைப் பற்றும். அந்த உள்புரதங்களில் ஒன்று, ரத்த அணுக்களில் மட்டும் வேலை செய்கிற ஒன்று, இவளுக்கு இல்லை. உலகத்தில் மிகச் சில குழந்தைகளுக்கே வருகிற குறை. நாங்கள் செய்த டெஸ்ட் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும். அவை நிமிருமா என்று கேட்காது.

எனக்குப் புரிந்தது. புரிந்ததால் என்ன கிழிந்தது? வெளியிலிருந்து சேதி ஏற்பிக்கு வரும், ஏற்பி அதை உள்ளே சொல்லும், இதுதான் நான் நடத்துகிற பாடம். உள்ளேயிருந்து உத்தரவு வந்தால்தான் வெளியே கை நீளும் என்று எங்கள் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. இருந்திருந்தாலும் நான் அதை நார்மல் என்ற தாளோடு சேர்த்துப் பார்த்திருப்பேனா, தெரியாது. மேளத்துக்குத்தான் ஆடியிருப்பேன்.

மரபணு டெஸ்ட்டும் அதையேதான் சொன்னது. அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவில் ஒரே பிழை, தங்கையிடம் ஒன்று, மாப்பிள்ளையிடம் ஒன்று. அவர்கள் இருவருக்கும் இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டும் கெட்டது. என் தாத்தாவிடமிருந்தோ அவருக்கு முன்னால் யாரிடமிருந்தோ வந்தது, சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து இவளிடம் சேர்ந்திருக்கிறது. அத்தை அன்றைக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "பொண்ணு வெளிய போயிடக்கூடாதுன்னு நெனச்சேன்டா, அது ஒரு தப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கோபக்காரன் என்று பேரெடுத்த எனக்கு அப்போது பார்த்துக் கோபமே வரவில்லை.

ஒரே வழிதான் உண்டு. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும். அதிலிருந்து பிறக்கிற அணுக்களுக்கு அந்தப் புரதம் இருக்கும், பிடிக்கத் தெரியும். அதற்குள் கிருமி எதுவும் பெரிதாக முந்திக்கொள்ளக் கூடாது. பொருந்துகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நான் பயந்தேன். டாக்டரம்மா, சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றார். கெடுத்ததும் அதுதான், கொடுக்கப் போவதும் அதுதான். கூடுவாஞ்சேரியிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். பூங்கொத்து அனுப்பிய சித்தப்பாவும் வந்தார். பொருந்தியது எனக்கு.

தங்கை வெகுநாள் கழித்துச் சிரித்தாள். "தாய்மாமன் சீர் இன்னும் பாக்கி இருக்குன்னு பாப்பா வாங்குறா பாரு" என்றாள்.

"மேளம் வெச்சுடலாமா?" என்றேன்.

"நீ ஆடாம இருந்தா வெச்சுக்கலாம்."

என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். வலி ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லவில்லை. எனக்குப் பொருத்தம் என்று எதுவும் வாழ்க்கையில் அமைந்ததில்லை, இது அமைந்தது என்று நினைத்தேன். குழந்தைக்குக் கடும் மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, என்னுடையதைச் சாதாரண ரத்தம் மாதிரி ஒரு பையில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். உள்ளே தங்கை முகமூடி போட்டுக்கொண்டு குழந்தையை வைத்திருந்தாள். மொட்டை அடித்து முளைத்திருந்த முடி மருந்தில் மறுபடி கொட்டியிருந்தது. ஒற்றைக் காதுக் கம்மலை மட்டும் தங்கை கழற்ற விடவில்லை என்று நர்ஸ் சொன்னார். கழற்றினால் ஓட்டையில் ரத்தம் வருமோ என்று அவர்களும் வற்புறுத்தவில்லை.

தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் என் அணுக்கள் தெரிந்தன. கொஞ்ச நாள் கழித்துக் குறைந்தன. பிறகு எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மாப்பிள்ளை குரூப்பில் போடுவதற்குப் போனை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இந்தத் தடவை எண்ணிக்கையைப் பார்த்தால் பயமாக இருந்தது. பயந்தது சரிதான். வந்தவை என் அணுக்கள் இல்லை. அழித்தோம் என்று நினைத்த அவளுடைய பழைய அணுக்கள்தான் திரும்பி வந்துவிட்டன, பிடிக்கத் தெரியாத அதே அணுக்கள்.

"உங்களுடையது அங்க தங்கல சார்" என்றார் டாக்டரம்மா. "சில சமயம் இப்படி ஆகும்."

"மறுபடி எடுத்துக்கோங்க. நாளைக்கேகூட வரேன்."

அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். இடைப்பட்ட நாளில் நுரையீரலில் பூஞ்சை இறங்கியிருந்தது. ஈரலும் அடிவாங்கியிருந்தது. இன்னொரு முறை அந்தக் கடும் மருந்தை இந்த உடம்பு தாங்காது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ரத்தம் வந்தால் தட்டணு ஏற்றலாம், காய்ச்சலுக்கு மருந்து தருகிறோம் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை கேட்டார். அவர் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது ராஜகீழ்ப்பாக்கம் வீட்டின் முன் அறையில்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், விடுவிக்க நாம்தான் பாடுபட வேண்டும். வாயில் புண் வந்தால் ஆறுவதில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரிகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தங்கை துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, அந்த ஆசாரிய வரச் சொல்றியா?"

"எதுக்கு?"

"இன்னொரு காதும் குத்திடலாம்."

"பைத்தியமா உனக்கு? ரத்தம் நிக்காதுன்னு தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே பேசறியா? நாமளே அவளை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மடித்த பாவாடையைத் திரும்ப விரித்து மறுபடி மடித்தாள்.

"மூளிக் காதோட அனுப்ப மாட்டேன்ணா" என்றாள்.

அனுப்புவது என்ற பேச்சை அந்த வீட்டில் அதுவரை யாரும் எடுத்ததில்லை. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் சத்தம் நின்றது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வண்டியை எடுத்து, மார்க்கெட் ரோடுவரை போய்விட்டேன். தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் கலர் கலராக அட்டைகள் தொங்கின. காது குத்தாத பிள்ளைகளுக்கான ஒட்டுக் கம்மல். பின்னால் பசை இருக்கும், உரித்து ஒட்ட வேண்டும்.

தங்க நிறத்தில் குட்டியாக இருந்ததைக் காட்டி, "இதுல ஒண்ணு மட்டும் குடும்மா" என்றேன்.

"ஒண்ணு எப்டிண்ணா தருவாங்க? அட்டையோட எடுத்துக்கோ. நெறைய கீது, கொயந்த தொலைச்சாலும் வேற ஒட்டிக்கலாம்."

அட்டையோடு வாங்கிக்கொண்டு திரும்பினேன். தங்கை அட்டையை வாங்கிப் பார்த்தாள். குழந்தைக்கு அந்தப் பட்டுப்பாவாடையையே கட்டிவிட்டாள். இப்போதும் அது பெரிதாகத்தான் இருந்தது. நான் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் வைத்தார்கள். அத்தை சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து நின்றார். தங்கை ஒன்றை உரித்து வலது காதில் ஒட்டினாள். காய்ச்சல் வேர்வை, பசை பிடிக்கவில்லை, நழுவி என் கையில் விழுந்தது. முந்தானையால் காதைத் துடைத்துவிட்டு இன்னொன்று ஒட்டினாள். அதுவும் விழுந்தது. குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது, விழ விழச் சிரித்தாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையில் அடுத்ததை உரித்தாள்.

"விடும்மா" என்று அதை வாங்கி, நானே வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "எடு மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளை போனில் எடுத்தார். படத்தில் குழந்தை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள், இரண்டு காதிலும் கம்மல் இருக்கிறது, வலது காதோரம் என் விரல் தெரிகிறது. விரலை வெட்டிவிட்டால் கம்மலும் சேர்ந்து வெட்டுப்படும் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியே இருக்கட்டும், கொஞ்சம் பெரிசா பிரிண்ட் போட்டு வெச்சுடு என்று தங்கை என்னிடம் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.